கதவில்லாத அறைவீடு

ரங்கூன்
ஞாயிறு இரவு

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் பாட்டியும் சுகம். பாட்டிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "எனக்கு ஜெபமே வர மாட்டேங்குதும்மா. எனக்கும் சேர்த்து நீயே பண்ணிடு" என்றாய். பண்ணுகிறேன், ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் நான் சாப்பிட்டால் உன் பசி ஆறுமா ராசா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ் படித்து உனக்கு நாளாகிவிட்டது. மெதுவாகப் படி.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சபையில் எந்த வீட்டு ஜெபக்கூட்டம் என்றாலும் முதலில் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் நல்ல பிதாவே" என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம் தடங்கலில்லாமல் வரும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையார் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அப்போதும் வந்தது. வீட்டுக்கு வந்து தனியாக முழங்கால் போட்டால் ஒரு சொல் வராது. இரண்டு மாதம் அப்படித்தான் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி அப்பாவுடைய கைலியைத் துவைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை அலசியும் மருந்து வாடை போகவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, உம்மேல் எனக்குக் கோபம். இவரை எடுத்துக்கொண்டால் நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமாயிருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆமென்கூடச் சொல்லவில்லை. கைலியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

அப்பா பிழைக்கவில்லை. கேட்டது கிடைத்தது என்று நான் உனக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. அதுவரை சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி ஜெபித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் ஆண்டவரிடம் பேசினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நிற்கவில்லை.

வேதத்தில் பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளை நினைத்துப் பார். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி நினைத்துவிட்டார். அவள் என்ன சொன்னாள்? "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்." ஊற்றினால் குடத்தில் என்ன இருக்கிறதோ அதுதானே வரும்? உப்புத் தண்ணீர் இருந்தால் உப்புத் தண்ணீர். உனக்கு அந்தச் சூப்பர்வைசர்மேல் ஆத்திரமா, அதைச் சொல். வீட்டு ஞாபகமா, அதைச் சொல். ஏதாவது தப்புப் பண்ணியிருந்தால், "நான் பாவி ஆண்டவரே" என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்காதே. எந்தப் பணம், எந்தப் பொய் என்று பேர் வைத்துச் சொல். பொதுவாகச் சொல்வது சுலபம், அதில் வெட்கமே இருக்காது.

பர்மியச் சொல்தான் முதலில் வருகிறது, தமிழில் ஜெபம் பண்ணினால் வேதாகம வார்த்தைகளைத் தேட வேண்டியிருக்கிறது என்றாய். பர்மியத்திலேயே பண்ணு தம்பி! அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் 1813இல் இதே ரங்கூனில் வந்து இறங்கி, 1834இல் வேதாகமம் முழுவதையும் பர்மியத்தில் மொழிபெயர்த்து முடித்தார். நடுவில் அப்போதைய பர்மிய ராஜாவின் தலைநகரான ஆவாவில் சிறை. அவர் எழுதிய தாள்களை அவர் மனைவி தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்ததை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருப்பாய். அந்தக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். 1826இல் அந்த அம்மா இறந்துபோனார், ஆறு மாதத்தில் குழந்தையும். அப்புறம் அவர் மோல்மேனுக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு குடிசை போட்டுத் தனியே இருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்று 1829இல் எழுதினார். வேதாகமத்தையே மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மனுஷன் தம்பி! அதற்காக அவர் ஜெபத்தை விட்டுவிடவில்லை. உனக்கும் வறட்சி வந்தால் பயப்படாதே. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார், கடைசி வசனம் வரை ஆறுதலே வராது. அதையும் ஆண்டவர் வேதத்தில் வைத்திருக்கிறார்.

தமிழில் ஒரு வார்த்தையை மட்டும் விடாதே. ரோமர் 8ஆம் அதிகாரத்தில் "அப்பா, பிதாவே" என்று வருகிறதே, அந்த முதல் வார்த்தை. அப்பா போனதிலிருந்து அதை நீ யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய்.

சரி, இடம். ஒரு அறையில் எட்டுப் பேர், எந்தக் கதவைப் பூட்டுவது என்று கேட்டாய். ஜெபம் பண்ணும்போது அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொன்னார் இயேசு, வாஸ்தவம்தான். அவர் என்ன பண்ணினார்? அதிகாலையில் இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார். அங்கே ஏது கதவு? நம் மெதடிஸ்ட் சபைக்கு வழி திறந்த ஜான் வெஸ்லியின் தாயார் 19 பிள்ளை பெற்றவர். தனியிடம் கிடைக்காமல், உடுப்புக்குமேல் கட்டும் துணியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு ஜெபிப்பார், பிள்ளைகள் அந்த நேரம் கிட்டே வராது என்று மாதர் சங்கத்தில் சொல்வார்கள். கேட்டதிலிருந்து நானும் முந்தானையைப் போட்டுக்கொள்கிறேன்.

என் அறைவீடு எது தெரியுமா? நம் குசினி. கரண்ட் முறை வைத்து வருகிறது, சில நாள் ராத்திரி ஒரு மணிக்கு. அப்போது எழுந்து மோட்டார் போட்டால்தான் தொட்டியில் தண்ணீர். நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகும். மோட்டார் போடுகிற சத்தத்தில் நான் என்ன சொன்னாலும் பாட்டிக்குக் கேட்காது. குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிப்பேன். அப்புறம் பேசுவேன். சில நாள் பேச ஒன்றும் இருக்காது, சும்மா இருப்பேன். தூங்கியும் போயிருக்கிறேன், தொட்டி வழிந்த சத்தத்தில்தான் விழிப்பு வரும்.

உனக்குப் பாக்டரி பஸ் இருக்கிறதே. ஏறியதும் போனைப் பைக்குள் போட்டுவிடு. போன் கையில் இருந்தால் ஜெபத்தில் மனசு நிலைக்காது, நான் பட்டுப் பார்த்தவள். முதலில் ஒரே ஒரு வசனம். பிறகு நேற்று நடந்ததை அவரிடம் சொல். பத்து நிமிஷம் போதும், ஆனால் தினமும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் பண்ணிக் கடன் அடைக்கப் பார்க்காதே. விட்ட இடத்திலிருந்து பேசு. பக்கத்தில் படுக்கிறவன் பேரையும் சேர்த்துக்கொள், குறட்டை விட்டாலும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது ஜெபம் பண்ணினாயா என்று கேட்க மாட்டேன். அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா என்றுதானே போட்டிருக்கிறது, நடுவில் நான் எட்டிப் பார்க்கக் கூடாது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா