சம்பளம் எப்படிச் சொத்தானது? தணிக்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தணிக்கைக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சென்ற மாத ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மென்பொருள் உருவாக்கச் செலவை ஏன் சொத்தாகக் காட்டினீர்கள் என்று எழுந்து நின்று கேட்ட முதியவன் நான். அதே கேள்வியைக் கூட்டத்துக்கு முன்பே மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்தேன். "வெளித் தணிக்கையாளர்கள் திருப்தி தெரிவித்துள்ளனர்" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வெளியானது. கூட்டத்திலும் நிதித் தலைமை அதிகாரி அதே வரியையே வாசித்தார். உங்களைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்ல, நீங்கள் மேடையில் அமர்ந்து தண்ணீர் அருந்திக்கொண்டிருந்தீர்கள்.

ஜூரோங்கில் ஒரு கப்பல் பழுதுபார்ப்புப் பட்டறையில் 28 ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்பதால், ஆண்டறிக்கையில் படங்களைத் தாண்டிப் பின்னால் உள்ள பொடி எழுத்துக் குறிப்புகளைத்தான் முதலில் புரட்டுவேன். பொறியாளர்களுக்குக் கொடுத்த சம்பளத்தில் பெரும்பகுதி செலவுக் கணக்கில் இல்லாமல், அருவச் சொத்து, அதாவது கையால் தொட முடியாத சொத்து, என்ற பெயரில் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் இருக்கிறது. அந்தத் தொகை, வரிக்கு முந்திய லாபத்தைவிடக் கூடுதல். சம்பளத்தைச் சம்பளமாகவே எழுதியிருந்தால் அந்த ஆண்டு நட்டம்தான். போதாதென்று, மென்பொருளின் பயன்காலமும் அதே ஆண்டில் 5 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக நீண்டிருக்கிறது; ஆண்டுதோறும் செலவாகக் கழிக்கும் தொகை அதனால் சிறுத்துவிடும்.

பொய்க்கணக்கு என்று நான் சொல்லவில்லை. வருவாயை விதிக்குள் நின்றே வேண்டியபடி வளைத்துக் காட்ட முடியும் என்பதைக் கணக்கெழுதிய எவரும் அறிவர். ஆய்வுச் செலவையும் ஊழியர் பயிற்சிச் செலவையும் சொத்தாகக் காட்டக்கூடாது என்று சொல்லும் சிங்கப்பூர் நிதி அறிக்கைத் தரநிலை 1-38, உருவாக்கச் செலவை மட்டும் 6 நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. வேலையை முடித்து அதைப் பயன்படுத்தவோ விற்கவோ போதிய தொழில்நுட்ப, நிதி வளங்கள் கைவசம் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எனக்கு உறுத்துவது இதுதான். உங்கள் நிலைத்தன்மை அறிக்கையின்படியே, மென்பொருள் பிரிவில் ஏறக்குறைய பாதிப்பேர் நிதியாண்டு முடிவதற்குள் விலகிவிட்டார்கள். எழுதியவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் வாங்கிய சம்பளம் மட்டும் சொத்தாக நிற்கிறது. மீதி வேலையை யார் முடிக்கப்போகிறார்கள் என்று நீங்கள் நிர்வாகத்திடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால், என்ன பதில் வந்தது?

பட்டியலிட்ட நிறுவனங்களுக்குத் தணிக்கைக் குழு வேண்டும் என்னும் நிறுவனச் சட்டத்தின் 201பி பிரிவு, உங்கள் குழுவை ஒப்புக்கு வைக்கச் சொல்லவில்லை. குழுத் தலைவர் உட்பட இரண்டு பேருக்காவது அண்மைக்காலக் கணக்கியல் அல்லது நிதி மேலாண்மைத் தேர்ச்சி வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் நிறுவன ஆளுமை நெறிமுறை எதிர்பார்ப்பதும், நிதி அறிக்கைகளில் எடுக்கப்படும் முக்கியத் தீர்மானங்களைப் பரிசீலிக்கும் கடமையை உங்களிடம் தருவதும் இத்தகைய இடங்களுக்காகத்தான். அந்தப் பரிசீலனையின் விவரத்தை எழுத்தில் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

லாபம் வந்தது என்று உயர் நிர்வாகத்துக்கு ஊக்கத்தொகை கிடைத்திருக்கிறது. எங்களுக்கு ஈவுத்தொகை இல்லை. கையில் ரொக்கம் இல்லையாம். லாபம் இருக்கும்போது ரொக்கம் எங்கே போனது என்று தேடினால், ரொக்க ஓட்டக் கணக்கில் பொறியாளர் சம்பளம் முதலீட்டு நடவடிக்கைகளின் கீழ் இருக்கிறது; அன்றாடத் தொழிலில் வரும் செயல்பாட்டு ரொக்கம் அதனால் கொழுகொழுவென்று தெரிகிறது. "எங்கள் ஊழியர்களே எங்கள் பெருஞ்செல்வம்" என்று அட்டையில் அச்சடித்ததன் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கூட்டம் முடிந்து கொடுத்த கறிபாப் மட்டும் சூடாக இருந்தது என்பதையும் நன்றியோடு சொல்லிவிடுகிறேன்.

2002இல் அமெரிக்காவில் வேர்ல்ட்காம் நிறுவனம் பிற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களுக்குக் கொடுத்த செலவைச் சொத்தாகக் காட்டி 380 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் மறைத்தது வெளிவந்தபோது, அங்கும் தணிக்கைக் குழு ஒன்று இருந்தது. உள் தணிக்கையாளர் சிந்தியா கூப்பர் தோண்டியெடுத்த பிறகுதான் விஷயம் அதன் மேசைக்கு வந்தது. நம் நிறுவனம் அப்படி என்று சொல்லவில்லை; கேட்காத குழுவுக்குத் தெரியவராது என்று மட்டும் சொல்கிறேன்.

அருவச் சொத்துகளைப் பற்றி விளக்கமாக எழுத வழி இல்லாமலும் இல்லை. நிறுவனங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் அக்ராவும் சிங்கப்பூர் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமும் 2023 செப்டம்பரில் அதற்கென்றே ஒரு வெளிப்படுத்தல் கட்டமைப்பை வெளியிட்டன. அது விருப்பத்தின்பேரிலானது என்பதால் உங்களை யாரும் வற்புறுத்த முடியாது. நானும் வற்புறுத்தவில்லை, வேண்டுகிறேன். 2020 முதல் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் காலாண்டு அறிக்கை கட்டாயமில்லை என்றாகிவிட்டதால், எங்களைப் போன்றோர் கணக்கைப் பார்ப்பதே ஆண்டுக்கு இரண்டு முறைதான். ஆகவே, எந்த ஆதாரத்தின் பேரில் சம்பளத்தைச் சொத்தாக ஏற்றீர்கள், பயன்காலத்தை ஏன் நீட்டினீர்கள், பாதிப்பேர் விலகிய பிறகு அந்தச் சொத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா என்று பார்க்கும் மதிப்பிழப்புச் சோதனை நடந்ததா என்பவற்றை வரும் அரையாண்டு முடிவுகளோடு ஒரே ஒரு பக்கத்தில், நிர்வாகத்தின் வாயால் அல்லாமல் குழுவின் பெயரில் விளக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வியின் நகலை நிறுவனச் செயலாளருக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு பங்குதாரர்,
யீஷூன்