பி.டி. மேடத்தின் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட் சம்மிட் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 38 ஆண்டு பயிற்சியாளர், 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம் என்று எல்லாம் சரியாகவே எழுதியிருந்தீர்கள். அவர் ஆரம்பித்த கதையை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

1974இல் அணியை ஏற்றபோது அவருக்கு வயது 22. முதுகலை படித்துக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். சம்பளம் மாதம் 250 டாலர். வேனை அவரே ஓட்டினார், ஜெர்சியை அவரே துவைத்தார். அந்த ஜெர்சிகூட முந்தின வருஷம் டோனட் விற்ற காசில் வாங்கியதுதான். அவருடைய முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

இதைப் படித்ததும் எங்கள் பி.டி. மேடம் கண்முன் வந்து நின்றார். 1990களில் வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் படித்தேன். வகுப்பு முடிய மூன்றரை ஆகும். வேலூர் வெயிலுக்கு அந்த நேரத்தில் சிமெண்ட் தரையில் கால் வைக்க முடியாது. மேடம் இரண்டு குடம் தண்ணீர் தெளித்து, அது காய்கிற வரை எங்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து பாஸ் போடச் சொல்வார். வலை கிழிந்தால் நைலான் கயிற்றில் அவரே முடிவார். ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ, அதாவது கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் எறிகிற பந்து, கூடையில் விழுந்தால்தான் அன்றைய பயிற்சி முடியும். அப்புறம் எங்களைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போய், குடியாத்தம் பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார்.

வெளியூர்ப் போட்டி என்றால் என் அப்பா அனுப்பவே மாட்டார். மேடம் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, "என் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேங்க" என்று சொன்ன பிறகுதான் காட்பாடியில் முதன்முதலாக ரயில் ஏறினேன். தீப்பெட்டி ஒட்டிப் படிக்கவைத்த வீடு எங்களுடையது. அந்த ஒரு பயணத்துக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் முன்னாள் தலைவி அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது மேடத்துக்குப் போன் செய்தேன். தன் வீட்டுப் பெண்ணுக்கே கிடைத்ததுபோல் அழுதுவிட்டார். அவர் ஓய்வு பெற்ற அன்று கல்லூரியில் ஒரு சால்வை போர்த்தினார்கள், அவ்வளவுதான். அவருடைய இடத்தை இன்றுவரை நிரந்தரமாக நிரப்பவில்லை. தொகுப்பூதியத்தில் யாராவது வருகிறார்கள், வருஷம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். என் மகள் இப்போது அங்கேதான் படிக்கிறாள். மூன்று வருஷத்தில் மூன்று பயிற்சியாளர். ஒவ்வொருவரும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகிற டிரிப்ளிங்கிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சம்பளத்தில் யார்தான் நிலைப்பார்கள்?

கல்வி நிலையங்களில் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1972இல் சட்டம் வந்தது. கல்லூரிப் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் வந்ததற்கு அது பெரிய காரணம். சம்மிட்டுக்கு முதல் தேசியப் பட்டம் 1987இல்தான் கிடைத்தது, அதாவது பொறுப்பேற்றுப் பதின்மூன்றாவது வருஷம். அதுவரை அவரை அந்த வேலையில் வைத்திருந்தார்கள். எங்கள் பெண்களுக்குப் பதின்மூன்று மாதம் ஒரே பயிற்சியாளர் கிடைத்தால்கூடப் பெரிய விஷயம்.

பழைய வடாற்காடு பகுதிப் பெண்கள் கல்லூரிகளில் எத்தனை இடத்தில் நிரந்தர உடற்கல்வி இயக்குநர் இருக்கிறார் என்று உங்கள் செய்தியாளர் ஒருமுறை நேரில் போய் விசாரித்து எழுத வேண்டும். மேடம் இப்போதும் சத்துவாச்சாரியில்தான் இருக்கிறார். முழங்கால் வலியோடு மாதம் ஒருமுறையாவது மைதானத்துக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி ஒருத்தி,
குடியாத்தம்.