ஞாயிறு மெசா சோதனை: லேப்டாப்போடு வாங்க

எல்லோருக்கும் வணக்கம். லினக்ஸின் கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசாவின் புதுப் பதிப்பில் சில பழைய இன்டெல் லேப்டாப்களில் திரை சிதறுகிறது. எந்த மாற்றத்தால் என்று, மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து (பைசெக்ட்) கண்டுபிடிக்க, வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் கூடுகிறோம். பொள்ளாச்சிக்காரர்கள் 9 மணிக்கே பஸ் ஏறிவிடுங்கள்.

1. ஹாஸ்வெல் (இன்டெல் 4ஆம் தலைமுறை) வரை மெசாவின் க்ரோகஸ் டிரைவர், பிராட்வெல் (5ஆம் தலைமுறை) முதல் ஐரிஸ் டிரைவர். நமக்குத் தேவை க்ரோகஸ் ஓடும் மெஷின்தான்.

2. மெசா கிட் களஞ்சியத்தை (மாற்ற வரலாற்றோடு கூடிய மூலக் கோடு) வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். வாசகசாலை வைஃபையை நம்ப வேண்டாம்.

3. பில்டில் (கோடிலிருந்து டிரைவரை உருவாக்கும்போது) க்ரோகஸ் மட்டும் போதும், வல்கன் (இன்னொரு கிராபிக்ஸ் முறை) டிரைவர்கள் வேண்டாம். 4 ஜிபி ரேம் திணறாது.

4. சிஸ்டம் மெசா மேல் இன்ஸ்டால் செய்யாதீர்கள், தனி ஃபோல்டரில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் (ஓடும் டிரைவரைக் காட்டும் கட்டளை) கிட் எண் (கோடு மாற்றத்தின் அடையாள எண்) மாறுகிறதா பாருங்கள். மாறாவிட்டால் பழைய டிரைவரைத்தான் சோதிக்கிறீர்கள். பைசெக்ட் முழுக்க வீண். பலரும் சறுக்குவது இங்கேதான்.

5. பில்ட் உடைந்தால் 'பேட்' (இதில் கோளாறு உண்டு) போடாதீர்கள், 'ஸ்கிப்' (சோதிக்க முடியவில்லை, தாண்டு) போடுங்கள். 1000 கமிட் (பதிவான மாற்றங்கள்) இருந்தாலும் சுமார் 10 சுற்றில் முடியும்.

6. சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கட்டாயம்.

வருபவர்கள் பிராசஸர் மாடலோடு வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்க.