வேர்டு கோப்பும் காணாமல் போகும் படங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிச் சுற்றறிக்கை, சங்க ஆண்டறிக்கை, வேளாண் துண்டறிக்கை என வேர்டில் தட்டச்சு செய்ததை இணையதளத்தில் ஏற்றினால், படம் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம்தான் நிற்கிறது. "வேர்டே அப்படித்தான்" என்று முடிவுகட்டி, அச்செடுத்து ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றிவிடுகிறார்கள். அதில் எழுத்தும் படமாகிவிடும். உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் திணறும், செல்பேசியில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். நாலு படத்துக்காக நாற்பது பத்தியைப் பலிகொடுக்கிறோம். படங்கள் தொலையும் இடங்கள் சிலவே. எல்லாவற்றுக்கும் மாற்று வழி உண்டு.

முதல் குற்றவாளி காப்பி-பேஸ்ட். வேர்டிலிருந்து நகலெடுத்து எச்டிஎம்எல் (இணையப் பக்கத்தை எழுதும் மொழி) எடிட்டரில் ஒட்டும்போது பல சமயம் படம் வருவதில்லை, அதன் முகவரி மட்டும் வருகிறது. அந்த முகவரி 'ஃபைல்' என்று தொடங்கி, சி டிரைவ், யூசர்ஸ், ஆப்டேட்டா, டெம்ப் என்று போய் 'கிளிப்_இமேஜ்002' என முடியும். அதாவது, ஒட்டியவருடைய கணினியின் தற்காலிக உறையை (ஃபோல்டரை) காட்டும். அவர் அந்தக் கோப்பைத் தன் கணினியிலேயே திறந்தால் படம் பளிச்சென்று தெரியும். ஊரில் மற்ற யாருக்கும் தெரியாது.

'சேவ் ஆஸ்' போய் 'வெப் பேஜ், ஃபில்டர்டு' என்று சேமிப்பது இதைவிட மேல். ஒரு எச்டிஎம்எல் கோப்பும், அதே பெயரோடு 'ஃபைல்ஸ்' என்ற வால் ஒட்டிய ஒரு உறையும் உருவாகும். படங்கள் எல்லாம் அந்த உறைக்குள் இருக்கும். கோப்பை மட்டும் ஏற்றி உறையை விட்டுவிடுவதுதான் அன்றாடம் நடக்கும் தவறு. கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பது இன்னொரு வம்பு. 'படம்' என்ற மூன்றெழுத்துச் சொல் யூனிகோடில் புள்ளியோடு சேர்த்து நான்கு குறியீடு. இணைய முகவரியில் ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரிந்து மொத்தம் 36 ஆகிவிடும். ஜிப் செய்யும்போதோ (கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டும்போதோ) சர்வருக்கு அனுப்பும்போதோ அதில் ஒன்று சிதைந்தாலும் இணைப்பு அறும். ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல், சேமிப்பதற்கு முன்பே பெயரிடுங்கள். சேமித்த பிறகு விண்டோஸில் உறையின் பெயரை மாற்றினால் எச்டிஎம்எல் கோப்புக்குள் உள்ள இணைப்புகள் மாறாது. லினக்ஸ் சர்வருக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த முறையில் படங்கள் மங்கலாக வரும், அதற்கும் காரணம் உண்டு. பக்கத்தில் எவ்வளவு அகலம் தெரிகிறதோ அந்த அளவுக்கு, அங்குலத்துக்கு 96 புள்ளி (பிக்சல்) என்ற கணக்கில் வேர்டு படத்தைச் சுருக்குகிறது. மூன்று அங்குலப் படம் வெறும் 288 புள்ளிதான். மூலப் படத்தை எடுக்க எளிய வழி ஒன்று உண்டு. டாக்எக்ஸ் என்று முடியும் வேர்டு கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்தால் 'வேர்டு' என்ற உறையும் அதற்குள் 'மீடியா' என்ற உறையும் இருக்கும். நீங்கள் செருகிய படங்கள் அங்கே கிடைக்கும். இங்கே படக் கோப்புகளின் பெயரில் உள்ள எண்களும் எச்டிஎம்எல் உறையில் உள்ள படங்களின் எண்களும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. கண்ணால் பார்த்து இணைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேர்டில் 'கிராப்' செய்து மறைத்த பகுதி அழிவதில்லை, மீடியா உறையில் முழுப் படமாகவே கிடக்கும். அடையாள அட்டையின் எண்ணை வெட்டிவிட்டோம் என்று நினைத்து அந்த முழுப் படத்தை ஏற்றினால் எண் ஊருக்கே தெரியும். 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' பெட்டியில் வெட்டிய பகுதிகளை நீக்கும் தேர்வைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, வேர்டில் செருகுமுன் வெளியிலேயே வெட்டிவிடுவது.

மீடியா உறையில் தேடியும் கிடைக்காதவை உண்டு. வேர்டுக்குள்ளேயே போட்ட சார்ட், ஸ்மார்ட்ஆர்ட், அம்புக்குறி, டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாம் படக் கோப்புகளே அல்ல, வரைவதற்கான குறிப்புகள்தான். வேர்டு கோப்பை எச்டிஎம்எல் ஆக்கும் பேண்டாக் போன்ற மாற்றிகள் சார்ட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எக்ஸல் சார்ட் மேல் வலது கிளிக் செய்து 'சேவ் ஆஸ் பிக்சர்' வழியாக பிஎன்ஜி அல்லது எஸ்விஜி வகைப் படமாகச் சேமியுங்கள். அந்த வசதி இல்லாத பழைய பதிப்பென்றால் பவர்பாயிண்டில் ஒட்டி அங்கிருந்து சேமிக்கலாம். பழைய கோப்புகளில் இஎம்எஃப், டபிள்யூஎம்எஃப் வகைப் படங்கள் இருக்கும். அவற்றை உலாவி காட்டாது, இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் மாற்றியாக வேண்டும். அவற்றுக்குள் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு இருந்தால், அது நிறுவப்பட்ட கணினியிலேயே மாற்றுங்கள். இல்லையென்றால் 'நெல்' என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் மிஞ்சும்.

மாற்றுவதற்கு முன் வேர்டில் ஒவ்வொரு படத்தையும் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' ஆக்குவது அவசியம். மிதக்கும் படம் இணையத்தில் எங்கே போய் இறங்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் பத்தியின் படம் ஏழாம் பத்தியின் மேல் ஏறிக்கொள்ளும். 'ஆல்ட் டெக்ஸ்ட்' பெட்டியில் ஒரு வரி விளக்கமும் எழுதிவிடுங்கள், அது எச்டிஎம்எல்லுக்கும் போகும்.

செல்பேசிப் புகைப்படம் 4000 புள்ளி அகலம்கூட இருக்கும். 1200க்குச் சுருக்கி ஜேபெக் ஆக்கினால் போதும். கோட்டுப் படத்துக்கும் அட்டவணைக்கும் பிஎன்ஜிதான், ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். எச்டிஎம்எல்லில் வேர்டு எழுதிவைத்த நீள அகல எண்களை எடுத்துவிட்டு, அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்று கொடுத்தால் செல்பேசித் திரையைத் தாண்டாது.

ஏற்றிய பிறகு அலுவலகக் கணினியில் பார்த்துத் திருப்திப்பட்டுவிட வேண்டாம். வைஃபையை அணைத்து, செல்பேசியின் டேட்டாவில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
இணையப் பக்க வடிவமைப்பாளர்கள் சிலர்,
திருச்சி.