விற்க ஒன்றுமில்லாத மாதங்களில்

அன்புள்ள ஜெபா,

நீ எழுதினதைப் படித்ததும் போன் பண்ணத்தான் எடுத்தேன். ஆனால் போனில் நாம் பேச ஆரம்பித்தால் பழைய கதைக்குள் போய்விடுவோம், சொல்ல வேண்டியது அப்படியே நின்றுபோகும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். களியக்காவிளையில் ஒரு வாரமாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை, சர்ச்சுக்கு நடந்தே போகிறாள். மகள் பிளஸ் டூ, வீட்டில் எல்லோரும் அவள் நேரத்துக்குத்தான் எழும்புகிறோம். கடையில் கருப்பட்டி தீரப்போகிறது, இனி மாசி பங்குனியில் பனை ஏறினால்தான் புதுசு வரும்.

சரி, உன் தேன் வியாபாரத்து விஷயம். உன் ஃபேஸ்புக் பேஜுக்குப் பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் சேர்த்துத் தருகிறேன் என்று பணம் கேட்கிற அந்தப் பையனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அவன் சேர்த்துவிடுகிற கணக்குகளுக்குப் பின்னால் தேன் நக்கிப் பார்க்கிற ஒரு நாக்குகூடக் கிடையாது. ஃபேஸ்புக்காரர்கள் 2018 ஜனவரியிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள், கடைகளும் கம்பெனிகளும் போடுகிற பதிவுகளைக் குறைத்து, நண்பர்களும் குடும்பத்தாரும் போடுவதையும் ஆட்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிற பதிவுகளையும்தான் முன்னால் காட்டுவோம் என்று. பேசாத பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப்போகிறாய்? உன்னிடம் இப்போது பேசுகிற முப்பது நாற்பது பேர் இருக்கிறார்களே, அவர்களை நீ கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் ஒரு அம்மா உன் பேஜில் "பாட்டிலுக்கு அடியில் சீனி மாதிரிக் கட்டியிருக்கிறது, இது தேன்தானா" என்று கேட்டிருந்தார்கள். நீ அதற்குப் பதில் சொல்லாமல், மறுநாள் பெரிய எழுத்தில் "எங்கள் தேன் 100 சதவீதம் சுத்தம், சந்தேகப்படுகிறவர்கள் வாங்க வேண்டாம்" என்று போட்டாய். அதை எடுத்துவிடு மக்கா. அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை, காசு கொடுத்து வாங்கி, பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று பயந்து கேட்கிறார்கள். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களைப் பரிசோதித்து, அதில் 10, சீனிப்பாகு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற என்எம்ஆர் பரிசோதனையில் தேறவில்லை என்று சொன்னதிலிருந்து, எந்தத் தேன் பாட்டிலைப் பார்த்தாலும் சனங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது. அது நியாயமான சந்தேகம்.

நீ செய்ய வேண்டியது அவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது. ரப்பர் மரத்துத் தேனில் குளுக்கோஸ் கூடுதல், அதனால் மற்ற தேனைவிடச் சீக்கிரம் உறையும், குளிரில் இன்னும் சீக்கிரம், ஃபிரிட்ஜில் வைத்தால் கேட்கவே வேண்டாம். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் எடுத்து அதில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். உனக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலையுதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பிலிருந்து ஊறுகிறது என்பதும் அருமனைக்காரி உனக்குத் தெரியும், எர்ணாகுளத்தில் ஃபிளாட்டில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொல்லிவிடு, அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. ஆனி ஆடி மழையில் தேனீக்களுக்குத் தீனி இல்லாமல் போகும்போது பெட்டிக்குள் சீனிப்பாகு வைக்கிறோம், வைக்காவிட்டால் கூட்டத்தோடு போய்விடும் அல்லது செத்துவிடும், அந்தக் காலத்தில் தேன் எடுப்பதில்லை. இதை மறைத்து வைத்து, ஒருநாள் யாராவது உன் தோட்டத்தில் பாகுப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டால் நீ என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. நீயே பாத்திரத்தைக் காட்டி, ஏன் வைக்கிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்று மழை நேரத்திலேயே பேசினால், அதைக் கேட்டவர் மாசியில் உன்னிடம்தான் வருவார்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கருப்பட்டியில் பார்த்தேன். நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு சேச்சி, சீனி கலந்த கருப்பட்டி வாங்கி ஏமாந்தவர், என்னிடமும் அதே சந்தேகத்தோடு கேட்டார். நான் பதில் எழுதவில்லை. பனையேறுகிற அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கே கருப்பட்டி காய்ச்சுகிற அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான், வீடியோ எடுத்தேன். அக்கானியை, அதாவது பதநீரை, வடிகட்டி ஊற்றி, அடுப்பில் பனைமட்டை எரிய, அக்கா துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்கிறாள். நுரை பொங்கி அடங்கிப் பாகு கெட்டியாகிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறாள், உருண்டதும் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுகிறாள். பாட்டு எதுவும் சேர்க்கவில்லை, அடுப்புச் சத்தமும் கோழிச் சத்தமும்தான். "இதயா படம் பிடிக்கிய, இதுல என்ன இருக்கு" என்று அக்கா கேட்டதும் அதிலேயே இருக்கிறது. சேச்சி கேட்ட கேள்வியை நான் அக்காவிடமே கேட்டேன், சீனி போட்டால் எப்படித் தெரியும் என்று. அவள் ஒரு துண்டை உடைத்து உள்பக்கத்தைக் காட்டித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

அந்த வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சேச்சி பார்த்தார், அவர் தங்கையும் பார்த்தார். இப்போது அவர்கள் ஆர்டர் போடும்போது முதலில் கேட்பது அக்காவின் கைவலி எப்படியிருக்கிறது என்றுதான். அக்கா மகளின் கல்யாணத்துக்குப் பஸ் ஏறி வந்து, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வீடியோவுக்குக் கீழே வருகிற நல்ல வார்த்தைகளை நான் அக்காவிடம் போய் வாசித்துக் காட்டுவேன், மலையாளத்தில் எழுதியிருந்தால் அர்த்தமும் சொல்வேன். படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போகாமலிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலையாளம் என்றதும் ஞாபகம் வருகிறது. உன் அம்மா ஊர் கேரளத்து வெள்ளறடை, நீ மலையாளம் பேசினால் அந்த ஊர்க்காரர்களே உன்னைத் தமிழச்சி என்று நம்பமாட்டார்கள். அப்படியிருக்கும்போது எங்கிருந்தோ எடுத்த இங்கிலீஷ் போஸ்டரை எதற்குப் போடுகிறாய்? பாறசாலையிலிருந்து கேட்கிறவருக்கு உன் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. பின்னால் ஈச்சத்தம் கேட்டால் கேட்கட்டும்.

அப்புறம் இந்த வாட்ஸ்அப். ஒரே செய்தியை எல்லோருக்கும் பிராட்காஸ்ட் போட்டால் பாதிப் பேருக்குப் போகவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். அது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உன் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பேரும் ஒருவர் நம்பரை ஒருவர் வைத்திருக்க வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஒருவர் உன் பெயரைத் தன் போனில் எழுதி வைத்துக்கொள்வது உனக்குக் கொடுக்கிற மரியாதை, அதைத் தினமும் ஆஃபர் அனுப்பிக் கெடுக்கக் கூடாது.

நம் பள்ளிக்கூடத்து குரூப்பில் நீ தினம் காலையில் விலைப்பட்டியல் போடுவதையும் நிறுத்திவிடு. அங்கே யாரும் உன்னிடம் சொல்லமாட்டார்கள், ஆனால் மியூட் பண்ணிவிடுவார்கள், அப்புறம் நீ உன் மகன் கல்யாணத்தைச் சொன்னாலும் அவர்கள் கண்ணில் படாது. வேறு யாரோ போட்ட மீன்குழம்புப் பதிவுக்குக் கீழே போய் "சுத்தமான தேன் வேண்டுமா" என்று நம்பர் போட்டிருந்தாயே, அதுவும் வேண்டாம். குழம்பைப் பற்றிப் பேசு. உனக்குத்தான் குழம்பு வைக்கத் தெரியுமே.

யூடியூப் பையனுக்கு இலவசமாகப் பாட்டில் அனுப்புவது உன் இஷ்டம், ஆனால் இலவசமாகத் தந்தது என்று அவன் வீடியோவில் சொல்லியாக வேண்டும், 2023 ஜனவரியில் மத்திய அரசு இதற்கு வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. சொந்தக்காரர்களை வைத்து ஐந்து ஸ்டார் போடவைக்கிற யோசனையை விட்டுவிடு.

இதெல்லாம் உன் அப்பா செய்ததுதான். நாம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, 1991, 92 வாக்கில், தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்கிற தேனீ நோய் வைரஸ் வந்து தென்னிந்தியா முழுக்க ஈக்கள் செத்து, நம்மூரில் வீடு வீடாகப் பெட்டி காலியானது உனக்கு மறந்திருக்காது. வழக்கமாக வாங்குகிற திருவனந்தபுரத்துக்காரர்களுக்கெல்லாம் உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து கார்டு எழுதினார், ஈ எல்லாம் செத்துவிட்டது, இந்த வருஷம் தேன் கிடையாது என்று. எங்கேயாவது வாங்கி ஊற்றிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. பெட்டி மறுபடி தேறி வர எத்தனையோ காலம் ஆயிற்று, அதுவரைக்கும் அவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் கார்டு போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த வீடுகளில் சிலவற்றின் பிள்ளைகள் இன்றைக்கும் உன்னிடம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு நீ கடைசியாக எப்போது விலை சொல்லாமல் ஒரு வார்த்தை எழுதினாய்?

இப்போது உன்னிடம் விற்க ஒன்றும் இல்லை, இதுதான் நல்ல நேரம். நீ ஒரு பெட்டி ஈயை இரண்டு பெட்டியாகப் பிரிக்கிற சமயம்தானே இது? ராணி ஈயை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறாய், பிரித்த பெட்டி ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்கிறாய், இதையெல்லாம் காட்டு. ஒன்று சரியாக வராமல் ஈ பறந்துபோனால் அதையும் சொல்லு. பக்கத்துத் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கிற பெரியவரையும் பேசவிடு, உன்னிடம் தீர்ந்துபோகும்போது அவர் நம்பரைக் கொடு. அதனால் உனக்குக் குறையப்போவது ஒன்றும் இல்லை.

முதலில் அந்தச் சீனி கட்டின பாட்டில் அம்மாவைக் கூப்பிடு, இன்றைக்கே. நெய்யாற்றின்கரைச் சேச்சியிடமும் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டு நம்பர் அனுப்புகிறேன், தேன் வேண்டுமா என்று ஆரம்பிக்காதே, அவர் வீட்டிலும் இரண்டு பெட்டி வைக்க ஆசைப்படுகிறார், அதற்கு எந்த இடம் நல்லது என்று சொல்லிக்கொடு. டிசம்பர் முதல் சனிக்கிழமை கடையை மகளிடம் விட்டுவிட்டு அருமனைக்கு வரலாமென்று இருக்கிறேன், அன்றைக்குப் பெட்டி பிரிப்பாய் என்றால் சொல்லு, காலையிலேயே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஸ்டெல்லா