பழைய சீட்டில் தொடரும் ஸ்டீராய்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ எப்போதோ சில நாள்களுக்கென்று எழுதித் தரப்பட்ட ஸ்டீராய்டு மாத்திரையை, மடிப்புகளில் கிழிந்துபோன அதே சீட்டை நீட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் முதியவர்களை, குடியாத்தம் பகுதியில் மருந்தாளுநராக இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கவலை தீரவில்லை.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அன்று. கடும் ஆஸ்துமாவில் அது உயிரைக் காக்கிறது. முடக்குவாதத்தில் முடங்கியவர்களை எழுந்து நடக்க வைக்கிறது. சாப்பிட்ட ஓரிரு நாளில் வலி அடங்கிப் பசியும் எடுப்பதால், பின்னால் வரும் கேடுகளுக்கு இந்த மாத்திரைதான் காரணம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எலும்பு தேய்வது முதல் சில மாதங்களிலேயே வேகம் பிடிக்கிறது. முதுகெலும்பு நொறுங்கி வரும் வலியையும் வாதம் என்றே எண்ணி, அதற்கும் இதே மாத்திரையை விழுங்குகிறார்கள். தரையில் அமர்ந்து பீடி சுற்றியே பழகிய மூதாட்டிகள், தொடைத் தசை வலுவிழந்து, இரு கைகளையும் ஊன்றாமல் எழ முடியாமல் போவதை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடுகிறார்கள். வளையல் இடித்த இடமெல்லாம் கன்றிப்போகிறது. கண்புரை முற்றுகிறது, அடங்கியிருந்த காசநோய் தலைதூக்குகிறது. காலையில் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை பெரும்பாலும் பிற்பகலில்தான் ஏறும் என்பதால், வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனையில் அது பிடிபடாமலே போகலாம்.

இதைப் படித்துப் பயந்து இன்றே மாத்திரையை நிறுத்திவிடுவது அதைவிட ஆபத்து. சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டவரின் உடல், தானே சுரக்க வேண்டிய இதே வகை ஹார்மோனைக் குறைத்துக்கொண்டுவிடுகிறது. அந்த நிலையில் திடீரென நிறுத்தினால், அதிலும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ சேர்ந்துகொண்டால், வாந்தியும் மயக்கமும் வந்து ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு எழுதும் மருத்துவர்கள், எந்தத் தேதிவரை, எப்படிக் குறைப்பது என்பதைச் சீட்டிலேயே தமிழில் எழுதித் தர வேண்டும். நீண்ட காலம் தேவைப்படுவோருக்கு எலும்பைக் காக்கும் மருந்தையும் கண் பரிசோதனையையும் தொடக்கத்திலேயே பரிந்துரைக்க வேண்டும். பழைய சீட்டுக்கு மருந்து தரும் கடைகளை மருந்து ஆய்வாளர்கள் கண்டிக்க வேண்டும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள், அந்த வீட்டு முதியவர் வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்று மாத்திரை அட்டைகளையும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடிய பெயரில்லாத பொடிப் பொட்டலங்களையும் வாங்கிப் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்குமாறு வேலூர் மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.