கிராண்ட் ஷாலூப் ஸ்டேஷன்ல ஒரு தமிழ் பலகை வேணும்

அனுப்புநர்: சனிக்கிழமை தமிழ் வகுப்பு பெற்றோர்கள், சேன் ஆந்த்ரே, ரீயூனியன் தீவு
பெறுநர்: பாரம்பரியச் சின்னங்கள் பிரிவு அதிகாரி அவர்கள்

ஐயா, வணக்கம். பிரெஞ்சு நகல் தனியா இணைச்சிருக்கோம், ஆனா தமிழ்ல கேக்க வேண்டியத தமிழ்லயும் எழுதிடணும்னுதான் இது.

போன மாசம் பிள்ளைங்கள கிராண்ட் ஷாலூப் கூட்டிட்டுப் போனோம். பழைய ஸ்டேஷன், தண்டவாளம், அப்புறம் கொஞ்சம் உள்ள தள்ளி லசரே (கப்பல்ல வந்தவங்கள சீக்குக்குப் பயந்து தனியா வெச்சிருந்த இடம்) கட்டடம் எல்லாம் சுத்திப் பார்த்தாங்க. ஒரு பொண்ணு கேட்டா, "நம்ம பூட்டன் பூட்டிங்க எல்லாம் இந்த ஸ்டேஷன்லதான் வந்து இறங்கினாங்களா?" ரெண்டும் ஒரே பள்ளத்துல பக்கத்துல பக்கத்துல இருந்தா குழந்தை வேற என்ன நினைக்கும், பெரியவங்களே பாதிப் பேரு அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தோம் (நானும்தான்).

நடந்தது வேற. பிரான்சும் பிரிட்டனும் கூலி ஆளுங்கள அனுப்புறதுக்காகப் போட்ட 1860, 1861 ஒப்பந்தங்களுக்கு அப்புறம் பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்து ஆளுங்க கப்பல்ல வந்தாங்க, சீக்கு ஊருக்குள்ள பரவிடக் கூடாதுன்னு லசரேல அடைச்சு வெச்சு, அப்புறமாதான் கரும்புத் தோட்டத்துக்குப் பிரிச்சு அனுப்பினாங்க. அப்ப இங்க ரயிலே கிடையாது. சேன் பெனுவால இருந்து சேன் பியேர் வரைக்கும் சுமார் 126 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் லைன் திறந்தது 1882-ல. அதே 1882-லதான் பிரிட்டிஷ் அரசு இங்க ஆள் அனுப்புறதையே நிறுத்திடுச்சு! ரயில் வர்ற நேரத்துக்கு கப்பல் நின்னுபோச்சு. எங்களுக்கே இது தெரிஞ்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஆனா அவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க அந்த ரயில்ல போனவங்கதான். எங்க தாத்தா சேன் ஆந்த்ரேல ஏறி சேன் போல்ல இருக்குற அத்தை வீட்டுக்குப் போவாராம், சேன் தெனி தாண்டினதும் மலைக்குள்ள சுரங்கம், மொத்தம் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் இருட்டு, பெட்டி பூரா புகை, பாட்டி முந்தானையால மூக்க மூடிப்பாங்களாம், நடுவுல ஒரு இடத்துல வெளிச்சமும் கடல் காத்தும் வரும், அதுதான் கிராண்ட் ஷாலூப். மூச்சு விட ஒரு ஸ்டேஷன்னு தாத்தா சொல்வாரு. 1963-ல கடலோர ரோடு வந்துச்சு, ரயில் போச்சு. இப்ப 2022-ல இருந்து கடல் மேலயே பாலம், அதுல போறவங்க இந்தப் பள்ளத்தத் திரும்பிக்கூட பாக்குறதில்ல.

ஸ்டேஷனும் பழைய எஞ்சினும் இன்னும் மிஞ்சி இருக்கு, அதக் காப்பாத்தினவங்களுக்கு நன்றி. நாங்க கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல: ஸ்டேஷனுக்கும் லசரேக்கும் நடுவுல, ரெண்டு கதையும் சேர்த்து, எது முன்னாடி எது பின்னாடின்னு வருஷத்தோட சொல்ற ஒரு பலகை, பிரெஞ்சோட தமிழ்லயும். பிரெஞ்சுக் காகிதத்துல எழுதி எழுதி எங்க பேரெல்லாம் உருமாறிப் போச்சு, பலகைலயாவது எழுத்துப்பிழை வேண்டாம். வாசகத்த நாங்களே எழுதி, ரெண்டு தமிழ் வாத்தியாருங்கள வெச்சுத் திருத்தித் தர்றோம், காசு வேண்டாம். பலகையும் கம்பமும் இடமும் மட்டும் உங்க பக்கம்.

தைப்பூசக் காவடிக்கு முன்னாடி கிடைச்சா நல்லாருக்கும், அப்ப வெளியூர் சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. இடம் பாக்க எந்த சனிக்கிழமை கூப்பிட்டாலும் வர்றோம், மத்தியானத்துக்கு மேலன்னா வசதி, காலைல வகுப்பு இருக்கு.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு பெற்றோர்கள்